முழுவதும் நிரப்பிய படிவம்

1

2019 பிப்ரவரி 12, செவ்வாய்க்கிழமை, அமெரிக்காவின் மில்வாக்கி நகரம். எட்டாம் வகுப்பு மாணவி கென்யெட்டா பிராட்நாக்ஸ் மீது பள்ளி ஒழுங்குக் குழு நடத்திய விசாரணை காலை ஒன்பது பத்துக்குத் தொடங்கி ஒன்பது முப்பத்தொன்றுக்கு முடிந்தது.

அந்த இருபத்தொரு நிமிடத்தை வைத்துத்தான் இதை எழுதப் பார்க்கிறேன். பள்ளியின் மனநல ஆலோசகர் யெவெட் ஓடம் சொன்னதுதான் எனக்கு ஆதாரம்.

2

முதல் தொடக்கம்: "துப்பாக்கி வெடித்ததுபோல் வகுப்பறைக் கதவு அறைந்து—"

அந்த வரியை அடித்து நீக்கிவிட்டேன். அது எனக்குத்தான் உவமை, அவளுக்கு இல்லை. கென்யெட்டாவின் அண்ணனை அக்டோபரில் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றிருந்தார்கள். கதவுச் சத்தத்தில் அவள் மேசைக்கடியில் புகுந்தாள். கணக்கு ஆசிரியர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் கையை வீசினாள். அவருடைய மூக்குக் கண்ணாடி உடைந்தது.

"வேணும்னே அடிச்சியா கண்ணு?" என்று யெவெட் கேட்டார்.

"இல்ல மிஸ். யார் புடிச்சாங்கன்னே தெரியல. அந்தக் கண்ணாடியும் ஏற்கெனவே டேப் ஒட்டினதுதான்."

3

யெவெட்டை எப்படி எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை. கென்யெட்டாவைப் போலவே கறுப்பினத்தவர், அவள் வளரும் அதே தெருக்களில் வளர்ந்தவர். தண்டிக்கும் முன் பிள்ளைக்கு என்ன நேர்ந்தது என்று கேட்க வேண்டும் என அந்த ஆண்டு பள்ளியில் புதிய முறை வந்திருந்தது. அதற்கொரு படிவம். அவர் இரண்டு பக்கமும் நிரப்பினார்: அண்ணன், கெட்ட கனவுகள், எந்தச் சத்தத்துக்கு நடுங்குகிறாள் என்பதுவரை. முழுவதும் படித்தால் குழுவினர் மனம் இளகுவார்கள் என்று நம்பினார்.

குழுத் தலைவர் படித்தார். "சத்தம் கேட்டா நிதானம் தவறும்னு நீங்களே எழுதியிருக்கீங்க. மத்த புள்ளைங்க பாதுகாப்பு?"

"அவளப் பக்குவமா நடத்தணும்னு எழுதினது சார்."

"பக்குவமாத்தான் நடத்துறோம். வேற பள்ளிக்கூடம், சின்ன வகுப்பு."

[ஓரக் குறிப்பு: ஜனவரியில் ஒரு வெள்ளைக்காரப் பையன் அதே ஆசிரியர்மீது நாற்காலியை எறிந்தான். அவனுடைய பெற்றோர் படிவத்தை நிரப்ப மறுத்துவிட்டார்கள். அமைதி அறையில் அரைமணி உட்கார்ந்துவிட்டு வகுப்புக்குத் திரும்பினான். யெவெட் இதைச் சொன்னார். "அது வேறு விவகாரம்" என்று பதிவானது.]

விசாரணை முடிந்து வெளியே, கென்யெட்டாவின் தாய் ரோஷெல் சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

"உங்கள நம்பி எங்க வீட்டுச் சாவச் சொன்னேன் மிஸ். அஞ்சு ஜெராக்ஸ் போட்டு மேசையச் சுத்திக் குடுத்துட்டீங்க."

"உதவும்னுதான் ரோஷெல்..."

"அந்த வெள்ளக்காரங்க வாயத் தொறக்கல, அவங்க புள்ள வகுப்புல இருக்கு. நீங்க நம்ம ஆளு. உங்களுக்குமா தெரியாது?"

4

கதைக்கு நான் யோசித்த முடிவுகள். (அ) யெவெட் மேல்முறையீடு எழுதி வெல்கிறார். (ஆ) வேலையை விடுகிறார். (இ) கணக்கு ஆசிரியர் குழுவின் முன் வந்து, தான்தான் முதலில் கையைப் பிடித்து—

இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அவர் வரவில்லை. உங்களால் முடிந்தால் முடித்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்தது: மேல்முறையீடு மார்ச்சில் தள்ளுபடியானது. யெவெட் அதே பள்ளியில் இருக்கிறார். புதிய பள்ளிக்கு கென்யெட்டா இரண்டு பஸ் மாறிப் போகவேண்டியிருந்தது. ஏப்ரலில் பதினொரு நாள் போனாள். மே மாதம் போகவில்லை.