சத்தம் போடாத இனம்

அவளுடைய புருஷன் இந்தத் தடவை முதலாளி ஆனது சுவர்க்கோழியால். அதற்கு முன்பு காளானால் ஆனான், அதற்கும் முன்பு வண்ணமீனால். காளான் அழுகியது, மீன் செத்து மிதந்தது, உங்களுக்கு இதெல்லாம் வராது என்று அவளும் ஒவ்வொரு தடவையும் சொன்னாள், முதலாளி என்ற நினைப்பு மட்டும் அவனை விட்டுப் போகவில்லை. மனதுக்குள் அவள் அவனை அப்படித்தான் கூப்பிடுவாள். வாய்விட்டுச் சொன்னால் பாராட்டு என்று எடுத்துக்கொள்கிற ஆள்.

சுவர்க்கோழி என்றால் கோழி இல்லை. இருட்டினால் சுவர் இடுக்கில் உட்கார்ந்து கிர்ர் கிர்ர் என்று காதைத் துளைக்கிற பூச்சி. கூண்டில் பறவை வளர்ப்பவர்கள் தீனிக்கு வாங்குகிறார்களாம். வாராவாரம் எடுத்துக்கொள்கிறேன் என்று பறவைக் கடைக்காரர் ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான், வீட்டின் பின்னறை பண்ணையாகிவிட்டது. அந்த அறையில்தான் அவள் அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைத்துக்கொண்டிருந்தாள். நல்ல வெளிச்சம். கதவைச் சாத்தினால் ஒரு தொந்தரவும் இல்லை. இப்போது தையல் மெஷின் அடுப்புக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் நடுவே நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. தைக்கிற துணியெல்லாம் எண்ணெய்ப் புகை வாசனை. எப்படியாவது அந்த அறை திரும்பக் கிடைக்க வேண்டும், அவளுக்கு வேறு ஆசையே இல்லை.

இது குடும்பத் தொழில் என்று அவன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டான். குடும்பம் என்றால் அவள். தண்ணீர் வைக்கிற பஞ்சை நனைப்பது, செத்ததைப் பொறுக்குவது, நாறிப்போன தவிட்டைக் கொட்டுவது எல்லாம் குடும்பம் செய்தது. முதலாளி செல்போனில் வீடியோ பார்த்தார். அதிலும் எப்படி வளர்ப்பது என்கிற இடம் வந்தால் விரலால் தள்ளிவிட்டு எவ்வளவு லாபம் என்கிற இடத்துக்கு ஓடிவிடுவார். ஒருநாள் அவன் குளிக்கப் போன நேரத்தில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பாத்திரம் துடைத்தபடி அவள்தான் முழுசாகப் பார்த்தாள்.

பூச்சிகள் வளர்ந்து சிறகு முளைத்ததும் கச்சேரி ஆரம்பித்தது. வீட்டுச் சொந்தக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்து, இந்தச் சத்தம் நிற்காவிட்டால் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வேறு யாராவது என்றால் கதவு ஜன்னலை அடைத்திருப்பார்கள். முதலாளிக்கு மூளை வேலை செய்தது. சாயங்காலமானால் டப்பாக்களின் பக்கத்தில் டார்ச் விளக்கோடு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். எந்தப் பூச்சி சத்தம் போடுகிறதோ அதைப் பிடித்து மூடி போட்ட ஒரு வாளிக்குள் போட்டான்.

"வாயாடிங்களை எல்லாம் முதல்ல வித்துடுவோம். வாயை மூடிக்கிட்டு இருக்கிறது மட்டும் இனத்துக்கு. அடுத்த தலைமுறை மூச்சு விடாது பாரு."

சொல்லிவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தான். உலகத்தில் யாருக்கும் தோன்றாதது தனக்குத் தோன்றிவிட்டதாம். உண்மையில் யாருக்கும் தோன்றியிருக்காது, அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

கடைசி வாயாடியும் வாளிக்குப் போன மறுநாள் காலை டப்பாவைச் சுத்தம் செய்தபோதுதான் கவனித்தாள். மிஞ்சியிருந்த ஒவ்வொன்றின் வாலிலும் ஊசி மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. வாளியின் மூடியைத் திறந்து பார்த்தாள். அங்கே ஒன்றுக்கும் ஊசி இல்லை. வீடியோவில் சொன்னது ஞாபகம் வந்தது. ஊசி இருப்பது பெண், அதை ஈர மண்ணில் குத்தித்தான் முட்டையிடும். சத்தம் போடுவது ஆண் மட்டும், ஜோடியைக் கூப்பிட. ஆக, இந்த மகா புத்திசாலி ஆண் பூச்சிகளை எல்லாம் ஒன்றுவிடாமல் பொறுக்கி விற்பனைக்கு வைத்திருக்கிறான். சிரிப்பு பீறிட்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பறவைக் கடைக்காரர் வந்து வாசலில் வண்டியை நிறுத்தினார். அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு போனான். வாசலில் என்ன நினைத்தானோ, நின்று திரும்பினான்.

"நான் செய்யிறது சரிதானே? நீ என்ன சொல்ற?"

கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் யோசனை கேட்டவன் இல்லை. ஒரு வார்த்தை போதும், வாளி திரும்ப உள்ளே வந்துவிடும். அவள் பின்னறையை நினைத்தாள், அதன் வெளிச்சத்தை நினைத்தாள்.

"நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

அன்றைக்கு முழுக்க அவன் சீட்டியடித்துக்கொண்டே திரிந்தான்.

மிஞ்சிய பூச்சிகள் டப்பாவில் வைத்த ஈர மண்ணில் முட்டையிடத்தான் செய்தன. அவன் பல்பு போட்டுச் சூடு காட்டினான், பொழுது விடிந்தால் தண்ணீர் தெளித்தான், மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான். அவள் வெங்காயம் நறுக்கியபடி அந்த வேடிக்கையை ரசித்தாள். ஒரு முட்டையும் பொரியவில்லை, மண்ணில் பூஞ்சை பூத்தது. பெரிய பூச்சிகளும் ஒவ்வொன்றாகச் செத்தன. அடுத்த சரக்குக்கு வந்த கடைக்காரர் டப்பாவைப் பார்த்துவிட்டு, ஆண் இல்லாமல் எப்படிக் குஞ்சு வரும் என்று கேட்டு, வண்டி ஏறும் வரைக்கும் சிரித்தார்.

அவன் வீடியோவை எடுத்து, இந்தத் தடவை எதையும் தள்ளாமல் கடைசிவரை பார்த்தான். பிறகு சமையலறைக்கு வந்தான்.

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியாது என்றிருக்கலாம். ஆனால் இத்தனை வருஷத்து இளக்காரம் அவளை முந்திக்கொண்டது. "அதுலயே சொல்றாங்களே" என்றாள்.

"அன்னைக்கு உன்கிட்ட கேட்டேனே."

கத்துவான் என்று பார்த்தாள். கத்தவில்லை. டப்பாக்களை எடுத்துப் போட்டு, அறையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மெஷினைத் தானே தூக்கிக்கொண்டுபோய் ஜன்னலோரம் வைத்தான். ஒரு கிடங்கில் காவல் வேலைக்குச் சேர்ந்தான்.

அடுத்து என்ன கூத்து ஆரம்பிப்பான் என்று அவள் காத்திருந்தாள். குத்தலாக ஒரு வார்த்தையை நாக்கு நுனியில் தயாராகவும் வைத்திருந்தாள். அவன் வந்தான், சாப்பிட்டான், தட்டைக் கழுவிவைத்துவிட்டுப் படுத்தான். தினமும் அப்படியே. ஒருநாள் கடைக்காரர் போன் செய்தார். புழு வளர்த்தால் இன்னும் நல்ல கிராக்கி இருக்கிறது என்று அவர் சொல்வது பின்னறைவரை கேட்டது. அவள் மெஷினை நிறுத்தினாள். சரி என்று சொல்லித் தொலையேன் என்று அவளையும் மீறி நினைத்தாள்.

"இல்லைங்க, எனக்கு அதெல்லாம் வராது" என்றான் அவன்.

அவள் அவனிடம் நூறு தடவை சொன்னதுதான். இப்போது அவனே அதை நம்பிவிட்டான்.