எந்தப் பக்கம் தங்குவது

ஸ்டேஷனுக்குப் பின்பக்கத் தெருக்களில் ஒரு ராத்திரி தங்குகிறவருக்கு விடிவதற்குள் ஒரு குடும்பம் அமைந்துவிடும். ஆஸ்பத்திரிப் பக்கம் தூங்குகிறவர்கள் கட்டிலுக்கு ஒரு ஜாண் மேலே மிதப்பதும், மார்க்கெட் பக்கம் தங்கினால் மறுநாள் மதியம்வரை பேச்சு வராததும் எப்படியோ, அப்படித்தான் இதுவும். முதுகுவலிக்காரர்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் போவார்கள். பேசிப் பிழைப்பவர்கள் மார்க்கெட் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். பின்பக்கம் போவது வேறு ரூம் கிடைக்காதவர்கள்தான்.

தண்ணீர்க்குழாய் விற்பவர் ஒரு மழைநாளில் அப்படி அங்கே வந்து மாட்டினார். கல்யாணம் ஆகாதவர், பெட்டியும் கையுமாக அலைந்தே தலை நரைத்தவர். காலையில் கண் விழித்தால் ரூமை ஒட்டி ஒரு சமையலறை முளைத்திருந்தது. அங்கே நின்ற பெண், "ஊருக்கெல்லாம் குழாய் விக்கிறீங்க, நம்ம வீட்டுக் குழாய் ஒழுகுறது கண்ணுல படலையா?" என்றாள். பல் விழுந்த சிறுமி ஒருத்தி, "லேஸ் கட்டி விடுப்பா" என்று காலை நீட்டினாள். மறுத்துப் பேச அவருக்கு அலுப்பாக இருந்தது. குனிந்து கட்டிவிட்டார். ரயிலேறிய பிறகு அழுதார், சந்தோஷமாகவே அழுதார்.

கிளம்பும்போதே லாட்ஜ்காரர் சொல்லியிருந்தார்: "ஊருக்கே வராம இருந்தா பரவால்ல சார். வந்துட்டு வேற பக்கம் படுத்தீங்கன்னா, உங்க இடத்துக்கு வேற ஆள் வந்துடுவாரு."

பிறகு மாதாமாதம் அங்கேதான் தங்கினார். லேட்டாக வந்ததற்குத் திட்டு வாங்கினார், வாஷர் மாற்றினார், சிறுமிக்கு வீட்டுக்கணக்கைத் தப்பாகப் போட்டுக்கொடுத்து அதற்கும் திட்டு வாங்கினார். வருடங்கள் போயின. சிறுமி அம்மா உயரத்துக்கு வளர்ந்தாள். அவருடைய முதுகு தேய்ந்தது.

ஒருமுறை ஊர் ஊராக அலைந்துவிட்டு வந்து இறங்கியபோது குனியவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை. லாட்ஜ்காரர் சொன்னது ஞாபகம் இருந்தது. ஒரு ராத்திரியில் என்ன ஆகிவிடப்போகிறது என்று ஆஸ்பத்திரிப் பக்கம் போனார். மிதந்தபடி, கனவுகூட இல்லாமல் தூங்கினார். அதே ராத்திரி பின்பக்கத்தில் பெயிண்ட் பிரஷ் விற்பவர் ஒருவர் தங்கினார்.

அடுத்த மாதம் பின்பக்கம் போனபோது பிரஷ்காரர் தோளில் துண்டோடு உட்கார்ந்து திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் இவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாங்கண்ணே, எப்ப வந்தீங்க? சாப்பிட்டீங்களா?" என்றாள். அத்தனை மரியாதையாக அவள் அவரிடம் பேசியதே இல்லை. சாப்பிட்டாச்சும்மா என்று பொய் சொன்னார்.

குழாய் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. "மச்சான், வாஷர் ஏதும் இருக்கா?" என்று பிரஷ்காரர் தயக்கத்தோடு கேட்டார். இவர் பெட்டியைத் திறந்தார். வேலை முடிந்து கிளம்பும்போது ஷூவைப் பார்த்தபடி குனிய முடியாமல் நின்றவரிடம் மகள் வந்தாள். "இருங்க மாமா," என்று மண்டியிட்டு லேஸைக் கட்டிவிட்டாள்.

இப்போதும் மாதாமாதம் வருகிறார். பின்பக்கம்தான் தங்குகிறார். முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது.