கேட்டுக் கொல்கிறேன்

என் அம்மா மேல் கொலை மிரட்டல் புகார் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவந்தபோது, நான் கடையில் ஒருவருக்கு போனின் கேமராவைப் பற்றிப் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். குடியிருப்பின் வாட்ச்மேன் அண்ணன் கூப்பிட்டார்.

"பாப்பா, சாயங்காலம் ஒரு எட்டு வந்துட்டுப் போ. உங்கம்மா செக்ரட்டரியக் கொல்லப் போறேன்னு குரூப்ல போட்டுட்டாங்களாம்."

"எங்கம்மாவா? அவங்க கொல்றதா இருந்தா என்னைத்தாண்ணே மொதல்ல கொன்னிருப்பாங்க."

"சிரிக்காத. போலீசுக்கு எழுதி ரெடியா வச்சிருக்காங்க. அனுப்பறதுக்கு முன்னாடி கூப்பிட்டு விசாரிக்கிறாங்களாம். உங்கம்மா அழுதுட்டு நிக்குது."

அம்மா அந்தக் குடியிருப்பில் படிக்கட்டும் லிஃப்டும் துடைப்பாள். அது போக இரண்டு வீடுகளில் பாத்திரம் கழுவுவாள். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அதே வாசல், அதே படிகள். போன வருடம் வாசலில் ஒரு மெஷின் வைத்தார்கள். வேலைக்கு வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று முகத்தைக் காட்டினால்தான் கதவு திறக்கும். குடியிருப்பவர்கள் காட்ட வேண்டாம். அவர்களுக்கு முகம் இல்லாமலே திறக்கும்.

மெஷினில் முகம் ஏற்றிய அன்று அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் வலி. இடது கன்னம் பந்து மாதிரி வீங்கியிருந்தது. இன்னொரு நாள் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாள். போட்டோ எடுக்க வந்தவன் "மூஞ்சி மூஞ்சிதாம்மா" என்று சொல்லிப் பிடித்துவிட்டுப் போய்விட்டான். பல்லைப் பிடுங்கி வீக்கம் வடிந்த பிறகு மெஷின் அவளை யார் என்று கேட்டது. அன்றிலிருந்து தினமும் கன்னத்தில் காற்றை அடைத்துக்கொண்டு, குழந்தைக்கு வேடிக்கை காட்டுகிறவள் மாதிரி அதன் முன்னால் நிற்பாள். சில நாள் திறக்கும். திறக்காத நாளில் தாமதம் என்று அதுவே எழுதிக்கொள்ளும், அரை நாள் சம்பளம் போகும்.

'முகத்தக் காட்டினா போதும், தானா தொறந்துக்கும்' என்று நாள் முழுக்கக் கூவி விற்கிற வேலை எனக்கு. அம்மாவுக்கு போன் வாங்கிக் கொடுத்ததும் நான்தான். குடியிருப்பின் குரூப்பில் வேலையாட்களையும் சேர்த்திருந்தார்கள், ஏவுவதற்கு வசதியாக. குழாய் ஒழுகுகிறது, படியில் நாய் அசிங்கம் பண்ணியிருக்கிறது, யார் பார்ப்பது என்று வரும். அம்மா எழுத்துக் கூட்டி அதையெல்லாம் படித்துவிடுவாள். ஐந்தாவது வரை போனவள்.

அந்தக் குரூப்பில் அவள் முதன்முதலாக எழுதியது இது:

'செயலாளர் ஐயா அவர்களுக்கு வணக்கம். முகம் பார்க்கும் மிசின் என்னை உள்ளே விடுவது இல்லை. மிசினை எடுத்து விடவும். இல்லை என்றால் என் முகத்தை மாற்றவும். செயலாளர் ஐயாவைக் கேட்டுக் கொல்கிறேன்.'

அவ்வளவுதான். 'ள' இருக்க வேண்டிய இடத்தில் 'ல'. கீபோர்டு எடுத்துக் கொடுத்ததை அமுக்கியிருக்கிறாள். அவள் பேசுகிற மாதிரி 'கேட்டுக்கிறேன்' என்று எழுதியிருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது. பேச்சில் நாம் யாரும் எதையும் கொள்வதில்லை. கேட்டுக்கிறோம், பாத்துக்கிறோம், பொறுத்துக்கிறோம். எழுத்தில் மரியாதை கொடுக்கப் போய்த்தான் கொலைகாரி ஆனாள்.

குடியிருப்பில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இங்கிலீஷில் மொழிபெயர்க்கும் பொத்தானை அமுக்கினார்கள். 'செயலாளரைக் கேட்டுவிட்டுக் கொல்லப் போகிறேன், என் முகத்தை மாற்றுங்கள்' என்று வந்தது. முகத்தை மாற்றிக்கொண்டு தப்பிக்கத் திட்டம் போட்டிருக்கிறாள் என்று ஒருவர் எழுதினார். கேலிக்கு இல்லை, நிஜமாகவே எழுதினார். குழந்தைகளைத் தனியாக லிஃப்டில் அனுப்ப வேண்டாம் என்று இன்னொருவர். தமிழ் நன்றாகப் படிக்கிற வீடுகளும் அங்கே இருந்தன. ஒரு வீடும் வாயைத் திறக்கவில்லை.

அவற்றில் ஒன்று நாலாம் மாடி. அங்கே இருப்பவருக்கு வாட்ச்மேன் அண்ணன் வைத்த பெயர் சுதந்திரம் சார். வீட்டில் இருந்தே ஏதோ கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். மற்ற நேரமெல்லாம் அரசாங்கத்தைத் திட்டி எழுதுவார். போன மாதம் ஒரு போராட்டத்தை அடக்க அரசாங்கம் இரண்டு நாள் நெட்டை நிறுத்தியபோது 'என் வாயை அடைக்கும் உரிமையை நான் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை' என்று போட்டார். எங்கள் கடை மேனேஜர் வரைக்கும் அதைப் பகிர்ந்தார். நான்கூட லைக் போட்டேன், என் கை அழுக. யாராவது பார்ப்பார்கள் என்று லேப்டாப் கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருப்பவர். அவர் வீட்டுப் பாத்திரமும் அம்மாதான் கழுவினாள்.

விசாரணை குடியிருப்போர் சங்க அறையில் நடந்தது. யாரும் ஓடாத ஒரு ஓட்ட மெஷின், அதன் மேல் காயப்போட்ட துண்டு, சுற்றிப் பிளாஸ்டிக் நாற்காலிகள். நாலைந்து நாற்காலி காலியாக இருந்தும் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

"உக்காரும்மா."

"பரவால்லடி."

நான் உட்கார்ந்தேன். அதுவே செயலாளருக்குப் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"நீதான் பொண்ணா? டிகிரி முடிச்சிருக்கியாமே."

"ஆமா சார். அதான் படிச்சுக் காட்டிட்டுப் போலாம்னு வந்தேன். அது கொலை பண்ற கொல் இல்ல. கேட்டுக்கொள்கிறேன்னு எழுதத் தெரியாம எழுதிட்டாங்க. ஒரு எழுத்து. அதுக்கா போலீசு?"

பொருளாளர் அம்மா போனை எனக்கு நேராக நீட்டினார். "எனக்கு உங்க எழுத்தெல்லாம் தெரியாதும்மா. போன் என்ன சொல்லுதோ அதான் எனக்கு. கில்லுன்னு இருக்கு, பாரு."

"போன் சொன்னா கெணத்துல குதிப்பீங்களா?"

"பாத்தீங்களா! இப்பப் பொண்ணும் மிரட்டுது."

"ஐயோ, இல்லங்கம்மா," என்று அம்மா முன்னால் வந்தாள். "அவளுக்கு வாய் நீளம். மனசுல ஒண்ணும் இல்ல."

சுதந்திரம் சார் ஓரமாக உட்கார்ந்து தொண்டையைக் கனைத்தார். "எழுத்துப் பிழைதான் சார். எனக்கு அன்னிக்கே புரிஞ்சுது."

"புரிஞ்சுதா?" என்று கேட்டேன். "அப்புறம் ஏன் சார் சொல்லல?"

"எல்லாரும் அவ்வளவு கோபத்துல இருக்கும்போது நடுவுல பூந்தா நல்லா இருக்காதேன்னு பாத்தேன். கொஞ்சம் ஆறட்டும்னு..."

"நாட்டையே எதுத்துப் பக்கம் பக்கமா எழுதுறீங்க. இந்தக் குரூப்ல ஒரு வரி எழுத முடியலையா?"

"அது பொது விஷயம்மா. இது தனியார் குரூப். ரெண்டும் வேற."

செயலாளர் கையை உயர்த்தினார். அவர் ஆளுங்கட்சிக்காரர். இந்த ஆட்சி வந்துதான் மூலைக்கு மூலை கேமரா வந்தது, நாட்டில் பாதிப் பேர் அதற்குப் பயந்துதான் ஒழுங்காக இருக்கிறார்கள் என்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார். "தப்பு பண்ணாதவங்களுக்கு மெஷின் மேல என்னம்மா பயம்?"

"அப்ப நீங்க ஏன் சார் மூஞ்சியக் காட்ட மாட்டேங்கிறீங்க?"

"நான் ஓனர்."

"ஓனர்ல திருடன் இருக்க மாட்டானா?"

சொல்லி முடித்ததும் தெரிந்தது, காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்று. செயலாளரின் காது சிவந்தது. போனை எடுத்தார். "பாவம்னு பாத்தேன். இனி பேச்சு இல்ல. அனுப்பிடறேன்."

"ஐயா, இருங்க." அம்மா குறுக்கே வந்தாள். என் பக்கம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, "நீ வாய மூடுடி. எந்திரிச்சு நில்லு" என்றாள். நின்றேன். "நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேங்கய்யா. எங்க கேக்கணும்னு சொல்லுங்க, கேட்டுக்கிறேன்."

"மிரட்டினது குரூப்ல," என்றார் பொருளாளர் அம்மா. "மன்னிப்பும் குரூப்லதான் வரணும். நீயே எழுது. பொண்ணு தொடக் கூடாது."

அம்மா எழுதினாள். ப்ளீச்சிங் பவுடர் தின்ற விரலை அந்தத் திரைக்குத் தெரியவே இல்லை. சேலையில் துடைத்துத் துடைத்து அமுக்கினாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எட்டிப் பார்க்கப் போனபோது செயலாளர் "ம்ம்" என்று அதட்டினார். பிறகு அறையில் இருந்த எல்லா போனும் ஒரே நேரத்தில் டிங்கென்றது.

'தெரியாமல் எழுதிய தவறு. இனி எழுத மாட்டேன். எல்லோரும் பெரிய மனது வைத்து என்னை மன்னித்துக் கொல்லவும்.'

முதலில் சிரித்தது சுதந்திரம் சார். அடக்கப் பார்த்து, முடியாமல், மூக்கு வழியாகச் சிரித்தார். பொருளாளர் அம்மா பொத்தானை அமுக்கிப் படித்துவிட்டு, "அய்யய்யோ, மன்னிச்சிட்டுக் கொல்லணுமாமே!" என்று வயிற்றைப் பிடித்தார். செயலாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி சரி, மன்னிச்சாச்சு. கொல்லவெல்லாம் வேணாம். போய் வேலையப் பாரும்மா." எல்லாருக்கும் தெரிகிற மாதிரி புகாரை அழித்தார்.

அம்மாவும் சிரித்தாள். எதற்கென்று தெரியாமல், அவர்கள் சிரிக்கிறார்களே என்று சிரித்தாள். "என்னடி?" என்று என் காதில் கேட்டாள். என் நியாயத்துக்கு அசையாத அறை அவளைப் பார்த்துச் சிரித்ததும் இளகிவிட்டது. எனக்கு அங்கே இருந்த நாற்காலி ஒவ்வொன்றையும் தூக்கி அடிக்க வேண்டும் போலிருந்தது.

கலையும்போது சுதந்திரம் சார் ஒரு யோசனை சொன்னார். "இனிமே இந்த மாதிரிக் குழப்பம் வரக் கூடாது. ஸ்டாஃப் எல்லாம் குரூப்ல படிக்க மட்டும் செய்யட்டும். ஏதாவது போடணும்னா என்கிட்டச் சொல்லட்டும், நான் சரி பாத்துப் போட்டுடறேன்."

"கவர்மெண்ட்டும் இதத்தான சார் சொல்லுது?"

"எல்லாத்தையும் அரசியலாக்காதம்மா," என்றார், ரொம்ப அன்பாக. யோசனை அங்கேயே நிறைவேறியது. மெஷினைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

தெருவில் நடக்கும்போது அம்மாவுக்குச் சிரிப்பின் காரணத்தைச் சொன்னேன். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். கோபத்தில் மொத்தமாகக் கொட்டிவிட்டேன்.

"உன்னக் கோமாளியாக்கி அனுப்பிட்டாங்கம்மா. நீயும் கூடச் சேந்து இளிச்சுட்டு வந்திருக்க."

"கேஸ் போச்சில்ல?"

"போச்சு. மானமும்தான் போச்சு."

"நீ ஜெயிக்கணும்னு வந்த. நான் நாளைக்கு வேலைக்குப் போகணும்னு வந்தேன்." செருப்பு வாரைச் சரிசெய்வது மாதிரி குனிந்து நின்றாள். "அந்த நாலாம் மாடிக்காரரு மொதல்லயே தெரியும்னாரே, நெசமாவா?"

"அவரே சொன்னாரே."

"முந்தாநாளு எழுதுனேன். நேத்தும் இன்னிக்கும் அவரு வீட்டுலதான பாத்திரம் கழுவுனேன். மேஜையில உக்காந்து போன் பாத்துட்டே டீ குடிச்சாரு. நான் பயந்துட்டே நின்னேன். கப்பக் கையில கொடுத்தாரு. ஒண்ணும் சொல்லலையே."



மறுநாள் மதியம் கடையில் சாப்பிடும்போது சுதந்திரம் சாரின் பதிவு என் போனுக்கு வந்தது. 'ஓர் ஏழைத் தாயைக் கொலைகாரியாக்கிய மொழிபெயர்ப்பு' என்று தலைப்பு. அம்மாவின் இரண்டு மெசேஜும் படமாக. பெரிய நிறுவனங்கள் நம் மொழியை எப்படி மதிக்கவில்லை, எளியவர்களின் குரல் எப்படி நசுங்குகிறது என்று நீட்டி முழக்கி, கடைசியில் தான் தலையிட்டதால் பிரச்சினை தீர்ந்தது என்று முடித்திருந்தார். கீழே கைதட்டலும் சிரிப்பும் குவிந்துகிடந்தன. 'அந்தத் தாயை இனி எழுதக் கூடாது என்று சொன்னது யார் என்பதையும் போடுங்கள் சார்' என்று எழுதினேன். சோற்றைப் பிசைந்து வாயில் வைப்பதற்குள் என்னை பிளாக் பண்ணிவிட்டார்.

அம்மாவிடம் கூப்பிட்டுச் சொன்னேன். "நான் அங்க போகலடி," என்றாள்.

"எங்க?"

"நாலாம் மாடிக்கு. இன்னிக்குக் காலையிலேயே போகல. படி தொடச்சேன், லிஃப்ட் தொடச்சேன், கீழ் வீட்டுல பாத்திரம் கழுவுனேன். அவரு வீட்டுப் பக்கம் போகல. எறங்கி வந்து ஏன்னு கேட்டாரு. தெரிஞ்சும் பேசாம இருந்தவரு எச்சிலக் கழுவ எனக்கு வரலைன்னேன்."

நேற்று நாற்காலியைத் தூக்கி அடிக்க நினைத்த நான்தான் இப்போது பயந்தேன். "அம்மா, அவரு மறுபடி ஏதாவது கெளப்பிவிட்டா?"

"கெளப்பட்டும். வாயாலதான சொன்னேன்."

அவர் கிளப்பவில்லை. குடியிருப்புக்காரர்கள் வேலையாட்களுக்கு ஐந்து வரை நட்சத்திரம் போடுகிற ஆப்பில் அம்மாவுக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டார். அந்த ஆப் நட்சத்திரம் குறைந்தவர்களை வீட்டு வேலைக்குக் காட்டாது. அந்த வாரமே கீழ் வீட்டுக்காரர்கள் நாலு நட்சத்திரத்தில் வேறு ஒருத்தியைப் பிடித்துக்கொண்டார்கள். அம்மாவுக்குப் படிக்கட்டும் லிஃப்டும் மட்டும் மிஞ்சின. வேறு குடியிருப்பில் கேட்டுப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். அங்கேயும் அதே ஆப்.

நாங்கள் அங்கிருந்து திரும்பி நடந்துகொண்டிருந்தபோதுதான் சுதந்திரம் சாரின் வீட்டம்மா கூப்பிட்டார். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா, இப்படிப் பண்ணிட்ட? தொட்டி நெறஞ்சு கெடக்கு. இவரு ஒரு டம்ளரக்கூடக் கழுவ மாட்டாரு. ஆப்ல கூப்பிட்டாலும் நாலாம் மாடின்னதும் யாரும் வர மாட்டேங்கிறாங்க, நீ என்ன சொல்லி வச்ச? நான் இப்ப யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

"குரூப்ல போடுங்கம்மா," என்றாள் அம்மா. "நாங்க எல்லாரும் படிச்சுக்கிறோம்."