இருபது கிலோவுக்குப் பத்தொன்பது

தராசுக்காரர் அந்தக் காரியத்தைப் பெண்டாட்டி மேல் இருந்த பாசத்தில்தான் செய்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் கதை பாதியில் இருக்கும்போதே அவரை உதைக்கக் கிளம்பிவிடுவீர்கள்.

கீழே தராசு ரிப்பேர் கடை, மேலே வீடு. பிள்ளை பிறக்கும்வரை அவளும் கடையில் கூடவே நின்று வேலை பார்த்தவள்தான். இப்போது மடியில் நாலு மாதப் பையன். கன்னமும் தொடையுமாக உருண்டு கிடந்ததால் அப்பா வைத்த பெயர் மூட்டை.

அவளுடைய அக்கா போனில் அடித்துச் சொல்லியிருந்தாள்: பால் கொடுத்தால் போதும், போட்ட சதையெல்லாம் தானாகக் கரைந்துவிடும், எனக்கு அப்படித்தான் ஆயிற்று என்று. இவளும் நம்பிக் கொடுத்தாள். சதை கரைந்தபாடில்லை, பசிதான் பொங்கிக்கொண்டு வந்தது. மூட்டை குடித்து முடித்து ஏப்பம் விடுவதற்குள் இவளுக்கு வயிறு கபகபவென்று எரியும். ரொட்டிப் பாக்கெட் போன இடம் தெரியாது, வாழைப்பழத்துக்குத் தோல்தான் மிஞ்சும். தனியாகச் சாப்பிடக் கூச்சப்படுவாளே என்று தராசுக்காரரும் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு ரொட்டி தள்ளுவார். இதுவும் பாசம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்கு இறங்கி வந்து பெரிய மேடைத் தராசில் ஏறுவாள். போன வாரம் நின்ற இடத்திலேயே எண் நிற்கும். ஒரு ஞாயிறு இறங்கி வந்தவள், இனிமேல் ராத்திரிச் சாப்பாடே கிடையாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். பால் கொடுக்கிறவள் பட்டினி கிடப்பதா என்று மனிதருக்கு மனசு அடித்துக்கொண்டது. அங்கேதான் புத்தி குறுக்கே பாய்ந்தது.

அரைகுறை மெக்கானிக்காக இருந்தால் பூஜ்யத்தை நகர்த்தி வைத்திருப்பான். அவள் என்ன லேசுப்பட்டவளா? காலித் தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்காமல் ஏறவே மாட்டாள். நம்மவர் தொழில் தெரிந்தவர். இருபது கிலோ எடைக்கல்லைத் தூக்கி வைத்து, இது இருபது இல்லை, கொஞ்சம் கம்மி என்று தராசுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். காலியாக இருந்தால் சுத்தமான பூஜ்யம். ஆள் ஏறினால் முக்கால் கிலோ குறைவு.

அடுத்த ஞாயிறு அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ராத்திரி நிம்மதியாகச் சாப்பிட்டாள். தராசுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. வாராவாரம் தராசுக்கு இன்னும் கொஞ்சம் பாடம் நடந்தது. கடைசியில் இருபது கிலோ கல்லுக்குப் பத்தொன்பது காட்ட ஆரம்பித்தது. அவரும் ஒரு நாள் சும்மா ஏறிப் பார்த்து, பரவாயில்லையே, நானும் இளைத்திருக்கிறேன் என்று வயிற்றைத் தடவிக்கொண்டார். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

ஒரு ஞாயிறு அவள் தராசை விட்டு இறங்கவே இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, தனியாக ஒரு தடவை ஏறிக் கழித்துப் பார்ப்பது அவள் வழக்கம். "ஏங்க, நான் இளைச்சுக்கிட்டே வர்றேன். இவன் ஏற வேண்டியதுல பாதிகூட ஏறலையே. என் பால் இவனுக்குப் பத்தலைங்க."

தராசுக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. பூஜ்யத்தை மட்டும் நகர்த்தியிருந்தால் கழிக்கும்போது அந்தத் தப்பும் அடிபட்டுப் போயிருக்கும், பிள்ளை எடை சரியாக வந்திருக்கும். இவர் கைத்திறமை தராசில் ஏறுகிற ஒவ்வொரு கிலோவையும் கிள்ளியது, மூட்டையையும் சேர்த்து. உடனே சரிபண்ணினாலோ ஒரே நாளில் அவள் மூன்றரை கிலோ கூடிவிடுவாள். சொல்ல வாயெடுத்தார், மென்று விழுங்கினார். மறுநாள் வீட்டுக்குப் பால்பவுடர் டின் வந்தது. இனி தன் பால் வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டு, பிள்ளைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அழுதாள். அதைப் பார்த்தபிறகும் அவர் வாய் திறக்கவில்லை. இப்போது வேண்டுமானால் உதைக்கலாம்.

டின்னைத் திறக்குமுன், பிள்ளைக்குத் தடுப்பூசி போடுகிற நர்ஸக்காவை ஒரு வார்த்தை கேட்போம் என்று மட்டும் சொல்லிச் சமாளித்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸக்கா மூட்டையைத் தராசில் கிடத்தினாள். எடை ஜம்மென்று ஏறியிருந்தது. பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறான் என்றாள். பெண்டாட்டிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பிறகு தராசின் பக்கவாட்டைப் பார்த்தாள். அங்கே அவர்கள் கடை ஸ்டிக்கர்.

"இதுவும் நீங்க பார்த்த தராசு, வீட்ல இருக்கிறதும் நீங்க பார்த்த தராசு. எது பொய் சொல்லுது?"

நர்ஸக்காவுக்கும் தூக்கிவாரிப்போட்டது. எத்தனை பிள்ளைகளை இதில் போட்டு எடை பார்த்திருக்கிறாள்! இது தப்பு என்று சொன்னால் தராசுக்காரருக்குத் தொழிலில் பெயர் போகும், பெண்டாட்டியும் போய் டின்னைத் திறப்பாள். வீட்டுத் தராசு தப்பு என்றால் குட்டு உடையும். மூட்டை அவர் விரலைப் பிடித்து வாய்க்குள் தள்ளிக்கொண்டது.

"வீட்டுத் தராசு," என்றார். "நான்தான். நீ சாப்பிடணும்னு."

எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடி ஒப்பித்தார். நர்ஸக்காதான் பேச்சை எடுத்தாள். பாலைச் சுரக்க வைக்கிற ஹார்மோன் சும்மா இருக்காது, பசியையும் கிளப்பிவிடும்; கொடுத்துக் கொடுத்தே இளைக்கிறவர்களும் உண்டு, நிறுத்தும்வரை இம்மிகூட இறங்காதவர்களும் உண்டு; அக்கா உடம்பு அக்காவுக்கு, உன் உடம்பு உனக்கு என்றாள். தராசுக்காரருக்கும் சொல்ல அவளிடம் சில வார்த்தைகள் இருந்தன. அவை அச்சில் ஏற்றக்கூடியவை அல்ல.

பெண்டாட்டி அங்கேயே ஓரமாக உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். வழியில் ஒரு ரொட்டிக் கடையில் நின்று இரண்டு பன் வாங்கித் தின்றாள். அவருக்குத் தரவில்லை. கடைக்கு வந்ததும் எடைக்கல்லைக் கண்ணால் காட்டினாள். அவர் இருபது கிலோவை வைத்து இருபது என்று தராசுக்கு உண்மையைச் சொல்லிக்கொடுத்தார். அவள் ஏறினாள். பழைய எண், இம்மி பிசகாமல். பெருமூச்சு விட்டாள், கொஞ்சம் சிரித்தும்விட்டாள்.

"பிள்ளை பட்டினி கிடக்கிறான்னு ரெண்டு நாளா அழுதேன். அதை மறக்க எனக்கு நாளாகும்," என்று இறங்கினாள். "இப்ப நீங்க ஏறுங்க."

தராசுக்காரர் தயங்கித் தயங்கி ஏறினார். அவர் கல்யாணமான நாளிலிருந்து காணாத எண் வந்து நின்றது. பிள்ளை பிறந்த பிறகு மட்டும் ஆறு கிலோ. பெண்டாட்டி எண்ணைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மூட்டையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நிதானமாகக் கேட்டாள்.

"எனக்காவது இவன் இருக்கான். நீங்க யாருக்குங்க பால் குடுக்கிறீங்க?"