வேலிக்கு அந்தப்புறம் பூத்த செடி

என் வீட்டுத் தோட்டத்துக்கும் தங்கை வீட்டுத் தோட்டத்துக்கும் நடுவில் இடுப்புயர வேலிதான். இருவரும் ஒரே நாளில், ஒரே கடையில், கொத்துக் கொத்தாகக் கறுப்புப் பழம் காய்க்கும் எல்டர்பெர்ரிச் செடி வாங்கினோம். ரகம்தான் வேறு. மூன்றாம் வருடம் அவள் செடி கிளை தாங்காமல் காய்த்தது. என்னுடையதும் காய்த்தது, ஏதோ பேருக்கு.

பழத்தைக் காய்ச்சி ஜாம் செய்து கொடுத்தனுப்பினாள். அம்மா என்னோடுதான் இருக்கிறாள். நான் போடும் சாப்பாட்டில் உப்பு, காரம் என்று குறை சொல்லாத நாள் கிடையாது. அதே அம்மா அந்த ஜாமை ரொட்டியில் தடவித் தின்று, விரலையும் நக்கிவிட்டு, சின்னவளுக்குத்தான் கைராசி என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. ஒரே ஒரு முறை அம்மா வாயால் அந்தச் சொல்லை நான் வாங்க வேண்டும்.

மறு வருடம் எருவாகக் கொட்டினேன். மண் காய விடவில்லை. இரண்டு செடியும் வெள்ளை வெள்ளையாகப் பூத்தன. வேலிக்கு மேல் எட்டிக் கொத்துகளை எண்ணினேன். அவளுக்குத்தான் அதிகம். பூவைப் பறித்துவிட்டால் பழம் ஏது? இந்தப் பூவில் சர்பத் போட்டால் பிரமாதமாக இருக்குமாம் என்று அவளிடம் தேனொழுகச் சொன்னேன். ஒரு கொத்து விடாமல் பறித்தாள். சர்பத்தைக் குடித்துத் தெருவே பாராட்டியது. பழக்காலம் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வந்தது. என் செடியில் ஒரு கைப்பிடி தேறவில்லை. செடிக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன்.

"பக்கத்துல வேற ரகம் பூத்துச்சாம்மா? அந்த மகரந்தம் வந்தாத்தான் இது நல்லாக் காய்க்கும்" என்றார் அவர்.

வீட்டுக்குத் திரும்பி வந்தேன். வேலியோரம் நின்ற தங்கையிடம் அவர் சொன்னதை மென்று விழுங்கிச் சொன்னேன். பூவை ஏன் பறிக்கச் சொன்னேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

"இந்த மகரந்த விஷயம் எனக்குத் தெரியாதுக்கா. ஆனா பூவை நீ எதுக்குப் பறிக்கச் சொன்னேன்னு அப்பவே தெரியும். அம்மா ஒரு தடவையாவது உன்ன நல்லவிதமாச் சொல்லட்டும்னுதான் அத்தனையையும் பறிச்சேன்."

அவளைக் கட்டிக்கொண்டு அழுதிருக்க வேண்டும். இந்த நல்ல மனசும் இவளுக்கேதானா என்றுதான் எனக்குத் தோன்றியது.