மையவாடி மதிலோர நிழல்

காத்தான்குடியில் மண்ணைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பூச்சாடிக்குள்தான் எட்டிப் பார்க்க வேண்டும். கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் வந்த காசு முதலில் வீடாகி, பிறகு மாடியாகி, மிஞ்சியது முற்றத்தில் இன்டர்லொக் கல்லாகப் படிந்துவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் வாசலில் நின்று முழிக்கும். வெயில் அடித்தாலோ ஊரே அடுப்பில் வைத்த தட்டு. இந்த ஊரிலிருந்துதான் நிஸ்மியா நிலத்தோற்றக் கலை படிக்க மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். "மரம் நடுறதுக்கு நாலு வருசம் கெம்பஸா?" என்று மாமிமார் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். வேறென்ன செய்வது?

இறுதியாண்டு வேலைக்கு, சொந்த ஊரில் ஓர் இடத்தை எடுத்து, வெயிலில் ஆட்கள் தங்கக்கூடிய இடமாக அதை மாற்றிக் காட்ட வேண்டும். வெப்பமானியைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக அலைந்ததில், ஊரிலேயே குளிர்ந்த இடம் வாவிக்கரைப் பக்கத்து மையவாடி என்று தெரிந்தது. இறந்தவர்களுக்கு மட்டும்தான் இந்த ஊர் மண்ணையும் நிழலையும் விட்டுவைத்திருந்தது. உள்ளே மதிலை ஒட்டி நின்ற வேம்புகள் கிளைகளைத் தெருவுக்கும் நீட்டியிருந்தன. அந்த நிழலில், மதிலுக்கு வெளியே, பெண்கள் உட்கார ஓர் இடம் அமைப்பதென்று நிஸ்மியா முடிவு செய்தாள்.

அதற்குள் வினை வந்தது. வேம்புகளின் வேர் மதிலை வெடிக்க வைத்து, ஓரிடத்தில் கல் பெயர்ந்தே விழுந்துவிட்டது. மரங்களைத் தறித்து, மதிலை உயர்த்திக் கட்டுவதென்று பள்ளிவாசல் நிர்வாகம் தீர்மானித்தது. அந்த வேலைக்குப் பொறுப்பு மீராசாஹிப், அதாவது நிஸ்மியாவின் வாப்பா.

"மரத்த விட்டுட்டு மதில வளைச்சுக் கட்டலாம் வாப்பா. நான் படம் கீறித் தாறன்."

"கீறு மகள். ஆனா ஹஜ்ஜுப் பெருநாள் முடிஞ்ச கையோட மரம் தறிக்க ஆள் வரும். அதுக்குள்ள நிர்வாகம் ஒத்துக்கொள்ளுற மாதிரி ஒண்டு கொண்டு வா."

கீறுவதற்கு முன் ஆட்களை உட்காரவிட்டுப் பார்க்க வேண்டும் என்பது கெம்பஸில் படித்த முதல் பாடம். நிஸ்மியா சீமெந்துக் கற்களை அடுக்கி, மேலே பலகைகளைப் போட்டாள். புத்தகங்களில் இருப்பதுபோலவே முதுகு மதிலுக்கு, முகம் தெருவுக்கு. நிழல் அடர்த்தியாக விழுந்தது மதில் இடிந்த இடத்தில் என்பதால் பலகையும் அங்கேதான். மத்ரஸாவில் பிள்ளையை விட்டுவிட்டுக் காத்து நிற்கிற தாய்மார், கிளினிக்குக்குப் போய்வருகிறவர்கள் என்று பெண்கள் வந்து உட்காரத் தொடங்கினார்கள். நிஸ்மியாவுக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை.

ஒன்று மட்டும் உறுத்தியது. ஒருவராவது நேராக உட்கார வேண்டுமே! எல்லோரும் உடம்பை ஒருக்களித்து, கழுத்தைத் திருப்பி, மதில் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் கண்ணில் படுகிறதாக்கும் என்று பலகையைச் சற்றுத் திருப்பிப் போட்டாள். அப்படியும் திரும்பினார்கள். தெருவில் போகிறவர்கள் பார்ப்பது கூச்சமோ என்று ஓலைத் தட்டியால் மறைப்பு வைத்தாள். அப்படியும்தான். படித்த படிப்பெல்லாம் பொய்யா என்று அவளுக்கு எரிச்சல் வந்தது.

அன்று மகளுக்குப் பகல் சோறு எடுத்துக்கொண்டு உம்மா சபூரா வந்தார். பலகையில் உட்கார்ந்தவர் கால்களைத் தூக்கி மறுபக்கம் போட்டு, தெருவுக்கு முதுகைக் காட்டி, முழுதாகவே திரும்பிவிட்டார். இடிந்த இடைவெளியால், அடக்கிய இடங்களில் அடையாளமாக நட்ட மீசான் கட்டைகளும் வேப்பஞ்சருகும் தெரிந்தன. உம்மாவின் உதடுகள் ஸலாம் சொல்லி அசைந்தன.

"நீங்களுமா உம்மா! ஏன் எல்லாரும் அங்கால திரும்புறீங்க?"

"பின்ன, ரோட்டையா பாக்கிற? எல்லாருக்கும் ஒவ்வொரு ஆள் உள்ளுக்கு இரிக்காங்கதானே. பொம்புளையள் நாங்க உள்ளுக்குப் போறல்ல. இஞ்ச இருந்து ஒரு ஸலாமாவது சொல்லிக்கலாம்." சோற்றுப் பொதியை மகளிடம் நீட்டினார். "உனக்கு மூத்தவனும் உள்ளுக்குத்தான்."

தனக்கு முன் ஓர் ஆண் குழந்தை பிறந்து, பெயர் வைக்கும் முன்பே இறந்துபோனதை நிஸ்மியா அறிவாள். அதற்கு மேல் வீட்டில் யாரும் பேசியதில்லை.

"எந்தப் பக்கம் உம்மா?"

"தெரியா. வாப்பாதான் துணியில சுத்தி ரெண்டு கையிலயும் ஏந்திக்கொண்டு போனார். வந்து ஒண்டும் சொல்லல்ல. நானும் கேக்கல்ல."

நிஸ்மியா சோற்றை மூடி வைத்தாள். பலகையைத் தவறான பக்கம் பார்க்கப் போட்டுவிட்டு ஆட்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்தது தான்தான் என்று விளங்கியது. வீட்டுக்குப் போன உடனே புதிதாகக் கீறினாள். மரங்களைச் சுற்றி வளைந்து போகும் மதில், மதிலைப் பார்த்தபடி இருக்கை, உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே துளை வைத்த கற்கள்.

வாப்பா படத்தை நெடுநேரம் பார்த்தார். "மதில் கட்டுறதே மறைப்புக்கு. அதுல ஓட்டை வெக்கச் சொல்லுறாய். நிர்வாகத்துக்கு என்ன முகத்தோட இதக் கொண்டு போற? வேணா மகள்." அவர் சத்தம் போடவில்லை. படத்தைப் பக்குவமாகச் சுருட்டிக் கையில் தந்தார். சத்தம் போட்டிருந்தால்கூட அவளுக்கு இத்தனை வலித்திருக்காது.

பெருநாளும் முடிந்தது. மரம் தறிக்க ஆள் வருவதற்கு முதல் நாள், பலகைகளை எடுக்கச் சொல்வதற்காக மீராசாஹிப் பின்னேர அஸர் தொழுத கையோடு வந்தார். நிஸ்மியா தட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பலகையில் சபூரா மட்டும், மதில் பக்கம் திரும்பி இருந்தார். கணவர் வந்தது தெரிந்தும் எழும்பவில்லை.

"என்னத்த அப்படிப் பாக்கிறாய் சபூரா? கண் ஒரு இடத்திலயும் நிக்குதில்லையே."

"எங்க எண்டு தெரியாதே. அதுதான் எல்லா இடத்தையும் பாக்கன்."

மீராசாஹிப் மெதுவாக வந்து, மனைவியின் பக்கத்தில், அதே பக்கம் திரும்பி உட்கார்ந்தார். இடைவெளியால் கையை நீட்டினார்.

"அந்தா, ரெண்டாப் பிரிஞ்சு போற வேம்பு. அதுட அடியிலதான். மீசான் வெக்கல்ல. அண்டைக்கு அது சின்ன மரம்."

சபூரா பார்த்தார். அந்த வேம்பிலும் தறிப்பதற்கான சிவப்புப் பெயின்ட் குறி இருந்தது.

"அதையும் தறிக்கப் போறீங்களா?"

"மரம் இல்லாட்டியும் எனக்கு இடம் தெரியும் சபூரா."

"எனக்குத் தெரியாதே."

அதில் கோபமே இல்லை. அதனால்தான் அந்த மனிதரால் தாங்க முடியவில்லை. தொப்பியைக் கழற்றி முகத்தை அழுத்தித் துடைத்தார். துடைக்கத் துடைக்கக் கண் நிறைந்தது. பிறகு போனை எடுத்து, நாளைக்கு வர வேண்டாம், நிர்வாகத்தோடு நான் கதைத்துக்கொள்கிறேன் என்று மரம் தறிக்கிறவரிடம் சொன்னார். மகளிடம் திரும்பினார்.

"அந்த ஓட்டைய எந்த உயரத்தில போட்டிரிக்காய்?"

"சராசரியா ஒரு பொம்புளை இருந்தா கண்ணுக்கு நேர வாற மாதிரி வாப்பா."

"சராசரி என்னத்துக்கு? உம்மா இஞ்ச இரிக்கா. அளந்து எடு."

சபூரா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நிஸ்மியா அவருடைய கண் மட்டத்தில், இடைவெளியை ஒட்டி நின்ற மதிலில் சோக்கால் ஒரு கோடு கீறினாள்.