முந்நூற்று நாற்பத்தோராம் படி

காலை ஆறு இருபது ஆகியும் டில்லிபாபுவின் ஆட்டோ வரவில்லை. கே.ஜி.கண்டிகை டீக்கடை வாசலில் நின்றபடி கவிப்பிரியா நாலாவது முறையாகப் போன் போட்டாள். டில்லிபாபு அவளுடைய அக்காள் புருஷன். மழையோ வெயிலோ, தினமும் அவளைத் திருத்தணி ஸ்டேஷனில் இறக்கிவிட்டுத்தான் மற்ற சவாரியைப் பார்ப்பார். காசு நீட்டினால் கோபித்துக்கொள்வார்.

"இன்னா பாவா, ட்ரெயினு போயிடும்!"

"வண்டி வராது ப்ரியா. எஃப்.சி. முடிஞ்சி பத்து நாளாவுது. நேத்து செக்கிங்ல நெறுத்தி, இனிமே எடுத்தா வண்டிய புடிச்சிடுவோம்னு சொல்லி உட்டாங்க. நீ பஸ் ஏறிப் போயிடு."

"எஃப்.சி.க்குன்னு அக்கா சீட்டு எடுத்து உங்ககிட்ட குடுத்துச்சே?"

"ஆங்… இருக்குது. பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

கவிப்பிரியாவுக்கு என்னவோ போல் இருந்தது. ஆட்டோவுக்குப் பெயின்ட் அடித்து, இன்சூரன்ஸ் கட்டி, ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி, ஓட்டலாம் என்று சான்று வாங்க முப்பதாயிரமாவது ஆகும். அந்தப் பணத்தை வீட்டில் யாரும் தொட மாட்டார்கள். அரிசி இல்லாவிட்டாலும் தொட மாட்டார்கள். யோசித்துக்கொண்டே பஸ் பிடித்து, ஸ்டேஷன் படிகளில் ஓடி, கடைசிப் பெட்டியில் தொற்றிக்கொண்டாள். ஜன்னல் வழியே மலை தெரிந்தது. வழக்கம்போலக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வழக்கம்போல அடுத்த நிமிடமே லேப்டாப்பைத் திறந்தாள்.

அவளுக்கு வேலை அம்பத்தூரில், மொபைல் கேம் செய்கிற கம்பெனி ஒன்றில். 'படி விளக்கு' என்பது கேமின் பெயர். பாதி யோசனை அவளுடையது. மலைக்கோயில் ஒன்று, அதற்கு முந்நூற்று அறுபத்தைந்து படி. திருத்தணி மலைக்கும் வருஷத்து நாள் கணக்காய் அத்தனை படிதானே, அதை அப்படியே தூக்கிக் கேமில் வைத்துவிட்டாள். தினமும் வந்து விளையாடினால் எண்ணெய் கிடைக்கும். எண்ணெய் ஊற்றினால் படிக்கு ஒரு விளக்கு எரியும். ஒரு நாள் வராவிட்டால் பத்து விளக்கு அணைந்துபோகும். மறுபடி ஏற்ற, தங்கக் காசு கொடுத்து எண்ணெய் வாங்க வேண்டும். தங்கக் காசு எங்கே கிடைக்கும்? நம்முடைய நிஜக் காசுக்குத்தான் கிடைக்கும். நாற்பத்தொன்பது ரூபாய்க்கு ஒரு பை, தொண்ணூற்றொன்பதுக்குப் பெரிய பை.

கேமை இறக்கிக்கொள்ளக் காசே இல்லை. அதை மட்டும் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். முந்நூற்று நாற்பதாம் படிக்கு மேல் இலவச எண்ணெய் எப்படி ஊற்றினாலும் போதாதபடி கணக்கு வைத்திருந்தார்கள். அதை எங்கேயும் போடவில்லை.

நடுவில் விட்டுப் போகிறவர்களை இழுத்துக்கொண்டுவர, போனுக்கு ஒரு வரிச் செய்தி போகும். அந்த வரியை எழுதியவள் கவிப்பிரியா. இதே ட்ரெயினில், இதே ஜன்னலில் மலையைப் பார்த்துக்கொண்டே எழுதினாள்: 'பாதியில் நிற்கிறீர்களே… மேலே ஒருவர் உங்களுக்காகக் காத்திருக்கிறார்.' அந்த வரி போக ஆரம்பித்த மாதத்திலிருந்து வசூல் ஒன்றுக்கு இரண்டானது. அவளுக்கு இருபதாயிரம் ஊக்கத்தொகை கொடுத்தார்கள். அக்காவின் சீமந்தத்துக்குப் பட்டுப்புடவை எடுக்கலாம் என்று அதைத் தனியே வைத்திருந்தாள்.

பத்து மணிக்கு மீட்டிங். அவளுடைய மேலாளர் சக்திவேல் நல்ல உற்சாகத்தில் இருந்தார். திரையில் ஒரு பட்டியலைப் போட்டார். மூன்று மாதத்தில் அதிகமாகச் செலவழித்த ஆட்டக்காரர்கள். அந்த மாதிரி ஆட்களுக்கு அந்த ஆபீசில் 'திமிங்கலம்' என்று பேர்.

"மூணாவது ஆளப் பாருங்க" என்றார் சக்திவேல். "பேர பாத்தா ஆட்டோ ஓட்றவர் போல. முப்பத்தோராயிரம்! அதுவும் நாப்பத்தொம்பது நாப்பத்தொம்பதா. எல்லாம் நம்ம ப்ரியா எழுதின வரியோட மகிமை. கை தட்டுங்கப்பா."

தட்டினார்கள். கவிப்பிரியா திரையைப் பார்த்தாள். 'டில்லி ஆட்டோ டிஎன் 20' என்று இருந்தது.

பாவாவின் ஆட்டோவுக்குப் பின்னால் எழுதியிருக்கும் அதே வாசகம். அந்தப் பேரைக் கேமில் அடித்தவளும் அவள்தான். டிசம்பரில் ஆளுக்குப் பத்துப் பேரையாவது சேர்க்கச் சொல்லிக் கம்பெனியில் நெருக்கினார்கள். கால் முறிந்து கட்டுப்போட்டுப் படுத்திருந்த பாவாவின் போனை வாங்கி, "சும்மா வெளயாடுங்க பாவா, காசே இல்ல" என்று ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள். அதோடு மறந்தும் போனாள்.

அன்று பூராவும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்று தடவை டீ குடிக்க எழுந்து போய் மூன்று தடவையும் குடிக்காமல் வந்தாள். சாயந்திர ட்ரெயினில் உட்கார இடம் கிடைத்தும் வாசலிலேயே நின்றுகொண்டு வந்தாள். பாவா எதற்காக இப்படிச் செய்தார் என்று அவளுக்குப் புரியவில்லை. சீட்டாட்டம், குடி என்று எதிலும் இல்லாத மனுஷன்.

ஸ்டேஷனிலிருந்து நேரே மலை அடிவாரத்துக்குப் போனாள். அங்கே படிக்கட்டு ஆரம்பிக்கிற இடத்தில் அக்கா தணிகைச்செல்விக்குத் தேங்காய், பூ, கற்பூரம் விற்கிற சின்னக் கடை. செல்விக்கு ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு தடவை தங்கவில்லை. அதனால் வீட்டில் யாரும் எதையும் சத்தமாகச் சந்தோஷப்படாமல், பல்லைக் கடித்துக்கொண்டு நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

கவிப்பிரியா வாயைத் திறப்பதற்குள் நகரி பக்கத்து அம்மாள் ஒருத்தி அழுதுகொண்டே படியிறங்கி வந்தாள். கையில் உடைத்த தேங்காய். உள்ளே கறுத்து அழுகியிருந்தது. மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறதாம். சாமி முன்னால் காய் இப்படி ஆகிவிட்டதே என்று தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றிப் புலம்பினாள்.

"ஏடவொத்தும்மா, அழுவாத" என்று செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "காய் அழுவிப்போச்சுன்னா இருந்த பீடையெல்லாம் அதோட போச்சுன்னு அர்த்தம். இந்தா, வேற காய். நல்லா ஆட்டிப் பாத்துத் தரேன். மெதுவா ஏறிப் போய் ஒடச்சிட்டு வா."

அம்மாள் முந்தானையில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்தாள்.

"துட்டா? வெச்சிக்கம்மா. காய் என்னுது, அழுவுனதும் என்னுது. உன்கிட்ட எதுக்குத் துட்டு?"

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த கிருத்திகைக்கு ஊரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வரும்போது அத்தனை பேருக்கும் இந்தக் கடையில்தான் என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள். கவிப்பிரியா அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்து வந்தவள் பயம் தெளிந்து போகிறாள். தான் செய்தது என்ன என்று நினைத்துப் பார்த்தாள்.

அப்போது டில்லிபாபு கொஞ்சம் காலை இழுத்துக்கொண்டே வந்து தேங்காய் மூட்டைமேல் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் போன் 'டிங்' என்றது. எடுத்துப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

கவிப்பிரியா பக்கத்தில் போய் மெல்லக் கேட்டாள். "எத்தினியாவது படி பாவா?"

அவர் திடுக்கிட்டார். "முந்நூத்தி நாப்பத்தொன்னு. உனக்கு எப்படித் தெரியும்?"

"எஃப்.சி. காசு பூரா இதுலயா?"

அவர் பூக்கட்டிக்கொண்டிருந்த செல்வியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அக்காகிட்ட சொல்லாத. கேமுன்னு எனக்கும் தெரியும், நான் ஒன்னும் மடையன் இல்ல. இந்தப் புள்ளயாச்சும் தங்கணும், படித் திருவிழா அன்னிக்கு ஒவ்வொரு படிக்கும் கற்பூரம் ஏத்தறேன்னு முருகன்கிட்ட வேண்டிகினு இருந்தேன். கால் ஒடஞ்சி படுத்துட்டேன். சரி, இதுலயாவது ஏத்தலாம்னு மனசார நெனச்சி ஆரம்பிச்சிட்டேன். வேண்டிகினு ஆரம்பிச்சத பாதியில எப்படி உடறது? ரெண்டு தபா நெறுத்திப் பாத்தேன். ஒடனே இது வருது. 'மேலே ஒருவர் காத்திருக்கிறார்'னு. எனக்குன்னே யாரோ எழுதி அனுப்பற மாதிரி இருக்குது. ஒடனே காசு கட்டிடறேன் ப்ரியா."

"யாரோ இல்ல பாவா" என்றாள் கவிப்பிரியா. "அத எழுதினது நான்தான். முந்நூத்தி நாப்பதாவது படிக்கப்புறம் காசு கட்டாம ஏற முடியாதுன்னு கணக்குப் போட்டதுலயும் நான் இருக்கேன்."

டில்லிபாபு முதலில் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. செல்வியின் கையில் பூச்சரம் அப்படியே நின்றது. எல்லாம் அவள் காதில் விழுந்துவிட்டது. யாரும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் கவிப்பிரியாவுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"அப்ப நெறுத்திட்டா ஒன்னும் ஆவாதா?" என்று கேட்டார் டில்லிபாபு.

"ஒன்னும் ஆவாது பாவா. சத்தியமா."

"உன் பேச்ச எப்படி நம்பறது? 'காசே இல்ல'ன்னு போட்டுக் குடுத்ததும் நீதான?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். ஆயிரமாயிரம் பேரைத் தன் வரியை நம்பவைத்தவளால், சொந்தப் பாவாவை ஒரு வார்த்தை நம்பவைக்க முடியவில்லை.

செல்விதான் பேசினாள். "ஒன்னும் ஆவாதுங்க. நான் சொல்றேன். மல எங்கியும் போயிடாது. புள்ள பொறக்கட்டும், உங்க காலும் நல்லாவட்டும். மூணு பேரும் நடந்தே ஏறி, படிபடியா கற்பூரம் ஏத்திட்டு வரலாம். அதுக்கு யார்கிட்டயும் எண்ணெ வாங்க வேணாம்."

டில்லிபாபு ஒரு பெருமூச்சு விட்டுப் போனில் கேமை அழிக்கப் போனார். அங்கேயும் ஒரு கேள்வி வந்தது: 'உண்மையாகவே போகிறீர்களா? ஏற்றிய விளக்கெல்லாம் அணைந்துவிடுமே!' அவர் தலையைத் தூக்கி மைத்துனியைப் பார்த்தார். அவள் தலைகுனிந்தாள். அதையும் எழுதியது அவள்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார்.

கவிப்பிரியா அங்கேயே நின்று ஊக்கத்தொகை முழுவதையும் அவருக்கு அனுப்பினாள். "எஃப்.சி.க்கு வெச்சிக்குங்க பாவா. இது உங்க காசுதான். மீதியும் குடுத்துடறேன்." அவர் வேண்டாம் என்றார். செல்வி வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.

பிறகு தங்கையிடம் திரும்பினாள். "அழுவுன காயோட வர்றவங்ககிட்ட 'தோஷம், இன்னும் அஞ்சு காய் ஒடை'ன்னு சொன்னா வாங்கிகினுதான் போவாங்க. எனக்குத் தெரியாதாடி? பயந்தவங்க கேட்டத குடுப்பாங்க. ஆனா ஒரு தபாதான் குடுப்பாங்க. பத்து வருசமா எனக்குச் சோறு போடறது என்னா தெரியுமா? செல்வி கடையில ஏமாத்த மாட்டாங்கன்ற பேச்சு. அத வித்துட்டா அப்புறம் விக்கறதுக்கு ஒன்னுமே கெடையாது."

மறுநாள் காலை கவிப்பிரியா பஸ்ஸில்தான் ஸ்டேஷனுக்குப் போனாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். மலை தெரிந்தது, ஆனால் கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கை எழவில்லை. லேப்டாப்பைத் திறந்தாள். விளக்கு அணைகிற விதியை நிறுத்துகிற பொத்தான் அவள் பொறுப்பில்தான் இருந்தது. நிறுத்தினாள். முந்நூற்று நாற்பதாம் படிக்கு மேல் இலவச எண்ணெயைக் கூட்டினாள். பழைய வரியை அழித்துவிட்டுப் புதிதாக எழுதி எல்லோருக்கும் அனுப்பினாள்: 'முடிந்தபோது வாருங்கள். ஏற்றிய விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். இது விளையாட்டு, நிறுத்தினால் எந்தக் குறையும் வராது.'

அரக்கோணம் வருவதற்குள் சக்திவேல் கூப்பிட்டுவிட்டார்.

"ப்ரியா, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? யாரக் கேட்டு மாத்தினீங்க? பத்து நிமிஷமா ஒருத்தன் எண்ணெய் வாங்கல! எல்லாரும் போயிடுவாங்க!"

"போவட்டும் சார்."

"என்னது? வேலை வேணுமா வேணாமா?"

"வேணும் சார். வேணும்னுதான் சொல்றேன். நேத்து நாம கை தட்டினோமே, அந்த மூணாவது ஆளு எங்க பாவா. வேண்டுதல்னு நெனச்சி, பயந்து பயந்து ஆட்டோ காசக் கட்டினாரு. அவர் ராத்திரி கேம அழிச்சிட்டாரு சார். இனிமே நாம தங்கத்த சும்மா குடுத்தாலும் தொட மாட்டாரு."

ரயில் வேகம் குறைந்து அரக்கோணத்துக்குள் நுழைந்தது. இறங்குகிறவர்கள் வாசலை நெருக்கினார்கள். அந்தச் சத்தத்தில் அவள் கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

"பயமுறுத்தி வாங்கற காசு வருமானம் இல்ல சார், அது வழிப்பறி. கஸ்டமர் மறுபடி வரணும்னா, அவன் நிம்மதியா எழுந்து போவறதுக்கு மொதல்ல வழி உடணும்."